ஐ.சி.யூ. வேலையை விடாமல் பி.எஸ்சி. நர்சிங் படிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 31. பிளஸ் டூவில் தொழிற்கல்வி நர்சிங் குரூப் எடுத்து, பிறகு ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ முடித்தேன். தென் மாவட்டத்தில் 120 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடமாக ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 19,500. கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். நான்கு வயதில் மகன். மாதத்தில் பாதி நைட் டியூட்டி, உடம்பு தாங்கவில்லை. புதிதாக வரும் பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது எனக்குப் பிடிக்கும், அதனால் டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பட்டம் முடித்து நர்சிங் கல்லூரியில் டியூட்டராகப் போகலாம் என்று நினைக்கிறேன். சம்பளமும் கூடும் என்கிறார்கள். பின்னாளில் சவூதி போகும் எண்ணமும் உண்டு. பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரியில், “வகுப்புக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், ரெகுலர் சர்டிபிகேட் கிடைக்கும்” என்று ஏஜென்ட் ஒருவர் 1,80,000 கேட்கிறார். என்னுடன் வேலை பார்க்கும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் அதில் சேரவா, இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலையில் சேரவா, வேலையை விட்டுவிட்டு ரெகுலரில் படிக்கவா? ஜி.என்.எம். இனிச் செல்லாது என்கிறார்களே, உண்மையா? தமிழ் மீடியத்தில் படித்த என்னால் ஆங்கிலத்தில் எழுதித் தேற முடியுமா?

பதில்: அன்புள்ள சிஸ்டர், முதலில் அந்த ஏஜென்ட் விஷயம். இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால், அது போனால் போகட்டும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. ரெகுலர் என்றால் இரண்டு வருட முழுநேரப் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டப்படி, ஒவ்வொரு பாடத்திலும் தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீத வருகை இருந்தால்தான் பரீட்சையே எழுத முடியும். பட்டம் வாங்குவதற்குள் பிராக்டிகல் வருகையை 100 சதவீதமாக நிறைவு செய்திருக்க வேண்டும். வகுப்புக்கே போகாதவருக்கு இந்த வருகை எங்கிருந்து வரும்? யாரோ உட்கார்ந்து பொய்யாக எழுதுகிறார்கள். அந்தப் பொய் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கிறவரை அவர்கள் பிரச்சினை. உங்கள் சர்டிபிகேட்டில் ஏறிய பிறகு அது உங்கள் பிரச்சினை.

எப்படி என்று சொல்கிறேன். அந்த இரண்டு வருடமும் நீங்கள் வேறு மாநிலத்தில் முழுநேர மாணவி என்று பட்டம் சொல்லும். அதே இரண்டு வருடமும் நீங்கள் இங்கே ஐ.சி.யூ.வில் வேலை பார்த்ததாக உங்கள் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் சொல்லும். உங்கள் பி.எஃப். கணக்கில் மாதாமாதம் பணம் ஏறியிருக்கும்; யூ.ஏ.என். நம்பரைப் போட்டால் எந்த மாதம் எந்த நிறுவனம் என்று தெரிந்துவிடும். வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பித்தால் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு உண்டு. அவர்கள் உங்களிடம் உள்ள காகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை. கல்லூரி, மருத்துவமனை, கவுன்சில் என்று அதைக் கொடுத்த இடத்துக்கே நேரடியாக எழுதிக் கேட்பார்கள். தேதிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று ஆகிவிடும். வேலை அனுபவத்தை மறைத்துவிடலாமே என்றால், உங்கள் ஐ.சி.யூ. அனுபவத்தில் கடைசி இரண்டு வருடத்தைத் தூக்கி எறிந்தது போல ஆகும். வெளிநாட்டில் முதலில் கேட்பதே அண்மைக்கால அனுபவத்தைத்தான்.

உங்களோடு வேலை பார்க்கும் அந்த இரண்டு பேரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். சண்டை போட வேண்டாம்.

சரி, அடுத்து சம்பளம். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். இப்போது இருக்கும் மருத்துவமனையிலேயே பட்டம் வாங்கிக்கொண்டு நின்றால் சம்பளம் பெரிதாக ஏறாது. பி.எஸ்சி. முடித்துவிட்டு அதே வார்டில் உங்கள் பக்கத்திலேயே நிற்கும் பெண்ணிடம் அவள் சம்பளத்தைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் சம்பளம் குறைவாக இருப்பதற்கு உங்கள் டிப்ளமோ காரணம் இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி அமைக்கப்பட்ட ஜகதீஷ் பிரசாத் குழு 2016-ல் தனியார் மருத்துவமனைச் செவிலியர் சம்பளம் பற்றிப் பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையாக, 100 முதல் 200 படுக்கை வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையாமல், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000-க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. உங்களுடையது 120 படுக்கை. கைக்கு வருவது எவ்வளவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் “டிப்ளமோதானே, இவ்வளவுதான்” என்று நிர்வாகம் சொல்லும்போது அதை நம்பித் தலை குனியாதீர்கள்.

அரசு வேலைதான் குறி என்றாலும் பட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் எடுக்கும் செவிலியர் பணிக்கு ஜி.என்.எம். போதும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நடக்கும் நார்செட் தேர்வுக்கும், குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் இருந்தால் ஜி.என்.எம். முடித்தவர்கள் எழுதலாம். உங்களுக்கு அந்தத் தகுதி எப்போதோ வந்துவிட்டது. அதில் வயது வரம்பு 30. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருந்தால் 3 வருடமும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 5 வருடமும் தளர்வு உண்டு. பட்டம் முடித்த பிறகு எழுதலாம் என்று உட்கார்ந்திருந்தால் அந்த வாசல் மூடிவிடும். உங்களுக்கு 31 என்பதால் இந்தத் தளர்வு பொருந்தினால்தான் எழுத முடியும்; பொருந்தினால் அடுத்த அறிவிப்பிலேயே எழுதுங்கள்.

அப்படியென்றால் பட்டம் எதற்கு? டியூட்டர் வேலைக்கு, அதற்கு மேல் எம்.எஸ்சி.க்கு, பெரிய மருத்துவமனைகளில் சூப்பர்வைசர், நர்சிங் சூப்பரிண்டென்டென்ட் பதவிகளுக்கு, சில நாடுகளுக்கு. இவற்றுக்கு அது கட்டாயம் வேண்டும், அல்லது இருந்தால்தான் மதிப்பு. பிரிட்டன் போக இது தேவையில்லை, ஜி.என்.எம். பதிவை வைத்தே ஆங்கிலத் தேர்வு, சி.பி.டி. என்ற கணினித் தேர்வு, ஓ.எஸ்.சி.இ. என்ற செய்முறைத் தேர்வு எல்லாம் தாண்டி நம் பிள்ளைகள் அங்கே பதிவு பெறுகிறார்கள். ஆஸ்திரேலியா இளநிலைப் பட்டத்தை அளவுகோலாக வைத்திருக்கிறது. சவூதியில் டிப்ளமோ என்றால் டெக்னீஷியன், பட்டம் என்றால் ஸ்பெஷலிஸ்ட் என்று வகை பிரிப்பார்கள். பதவிப் பெயரோடு சம்பளமும் மாறும்.

உங்கள் கடிதத்தில் டியூட்டர் ஆசையும் சவூதி எண்ணமும் பக்கத்துப் பக்கத்து வரியில் வருகின்றன. இரண்டும் ஒரே பாதையில் இல்லை. நீங்கள் எந்த வழியில் படிக்கிறீர்கள் என்பது இதைப் பொறுத்துத்தான் மாறும்.

சவூதிதான் உறுதி என்றால் தொலைநிலைப் பட்டத்தை நம்பி இறங்காதீர்கள். வளைகுடாவின் பதிவு அமைப்புகளில் தொலைநிலைக் கல்வியைக் கேள்வி கேட்கும் வழக்கம் உண்டு. ரெகுலராக இரண்டு வருடம் படிப்பதே பாதுகாப்பு. டியூட்டர்தான் உறுதி என்றால் இக்னோ போதும். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில், கற்றுக்கொடுப்பதைப் பற்றி எழுதும்போது இருக்கும் உற்சாகம் சவூதி பற்றிய வரியில் இல்லை என்று எனக்குப் பட்டது. நான்கு வயதுப் பிள்ளையும் இருக்கிறான். அதனால் உங்களுக்கு நான் சொல்வது இக்னோ. நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

ரெகுலருக்கு ஆகும் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் இருக்கட்டும். இரண்டு வருடச் சம்பளம் மட்டுமே 4,68,000 போகிறது. அரசு செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஃபீஸ் சுமை பெரிதாக இருக்காது. அந்த இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு விண்ணப்பம் கோரும். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கிடைத்து, கணவரின் வருமானத்தில் இரண்டு வருடம் வீடு ஓடும் என்றால், அதைவிட நல்லது வேறில்லை. தனியார் கல்லூரி என்றால் சேருமுன் ஒன்றைப் பாருங்கள்: அந்தக் கல்லூரி நான்கு வருட பி.எஸ்சி.க்கு அனுமதி வாங்கியிருக்கலாம், போஸ்ட் பேசிக்குக்கு வாங்காமல் இருக்கலாம். ஒவ்வொரு படிப்புக்கும் தனி அனுமதி, தனி இட எண்ணிக்கை. கல்லூரி பெயர் பட்டியலில் இருக்கிறது என்றதோடு திருப்தி அடையாமல், எந்தப் படிப்புக்கு எதிரே இருக்கிறது என்று பாருங்கள்.

இனி இக்னோ. வேலையில் இருக்கும் செவிலியர்களுக்காகவே வைத்த படிப்பு அது. நம் நாட்டில் 1946-ல் டெல்லியிலும் வேலூரிலும் நான்கு வருட பி.எஸ்சி. தொடங்கியது; டிப்ளமோ முடித்தவர்களும் பட்டம் பெறட்டும் என்று 1963-ல் திருவனந்தபுரத்தில் இரண்டு வருடப் படிப்பு வந்தது. அதன் வேலையை விடாத வடிவம்தான் இக்னோவில் இருப்பது. நர்சிங் கவுன்சில் தன் விதியிலேயே இதை எழுதி வைத்திருக்கிறது: ரெகுலர் என்றால் இரண்டு வருடம், தொலைநிலை என்றால் மூன்று வருடம், அதற்கு பிளஸ் டூ, ஜி.என்.எம்., ஆர்.என்.ஆர்.எம். (செவிலியர், பேறுகாலச் செவிலியர்) பதிவு, பதிவுக்குப் பிறகு இரண்டு வருட அனுபவம். பிளஸ் டூவில் சயன்ஸ் குரூப் இருந்தே ஆக வேண்டும் என்று விதி கேட்கவில்லை. ஆகவே உங்கள் தொழிற்கல்வி குரூப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று வருடத்தில் முடிக்க முடியாவிட்டால் ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு.

நுழைவுத் தேர்வு இருக்கிறது. அண்மை வருடங்களில் வருடத் தொடக்கத்தில் நடந்திருக்கிறது, விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்துவிடும். அக்டோபரிலிருந்தே இக்னோ இணையதளத்தைப் பாருங்கள். கேள்விகள் ஜி.என்.எம்.-ல் படித்த பாடங்களை ஒட்டியவைதான். ஐ.சி.யூ.வில் இருப்பவர்களுக்கு மெடிக்கல் சர்ஜிக்கல் கைவந்த பாடம். சறுக்குவது சமூக நலச் செவிலியத்திலும் குழந்தை நலத்திலும். அந்தப் பழைய நோட்டுகளை எங்கே போட்டீர்கள் என்று தேடி எடுங்கள்.

தொலைநிலை என்றதும் வீட்டில் இருந்தே படித்துவிடலாம் என்று நினைத்து வருபவர்கள்தான் பாதியில் நின்றுபோகிறார்கள். இதில் அசைன்மென்ட் உண்டு. படிப்பு மையத்தில் தியரி வகுப்பு உண்டு. பிராக்டிகல் நாட்களுக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. லாக் புக், கேர் பிளான், கேஸ் ஸ்டடி எல்லாம் எழுத வேண்டும். படிப்பு மையம் எந்த ஊரில் என்பதைப் பார்த்து, உங்கள் ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போய்க் காலையில் இறங்க முடிகிற தூரமா என்று கணக்குப் போட்ட பிறகு தேர்ந்தெடுங்கள். மைய வாரியாக இடம் குறைவு.

இதற்கெல்லாம் லீவ் எப்படி? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். படிப்பதை இன்சார்ஜ் சிஸ்டரிடம் மறைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் “பிள்ளைக்கு ஜுரம்” என்று லீவ் சொன்னால் மூன்றாவது தடவை நம்ப மாட்டார்கள். சேரும் முன்பே நர்சிங் சூப்பரிண்டென்டென்டைப் பார்த்து எழுத்தில் கொடுங்கள். வகுப்பு அட்டவணை வந்த அன்றே நகல் கொடுங்கள். டியூட்டி லிஸ்ட் போடும் முன்னால் கையில் இருந்தால் அவர்களால் ஆஃப் சேர்த்துத் தர முடியும். லிஸ்ட் ஒட்டிய பிறகு கேட்டால் யாராலும் முடியாது. பண்டிகை நாளில் மற்றவர்களுக்கு நீங்கள் டியூட்டி மாற்றிக் கொடுங்கள், உங்கள் வகுப்பு நாளில் அவர்கள் வருவார்கள். நைட் முடித்த அன்றைக்கே பிராக்டிகலுக்குப் போவதை மட்டும் செய்யாதீர்கள். தூக்கம் இல்லாமல் இன்னொரு மருத்துவமனையின் நோயாளி அருகே போய் நிற்பது படிப்பு ஆகாது.

உங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் இப்போது யாரிடம் இருக்கின்றன? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. தனியார் மருத்துவமனைகளில் சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருப்பதால் கேட்கிறேன். அங்கே மாட்டியிருந்தால் விண்ணப்பக் கடைசித் தேதி வரை காத்திருக்காமல் இப்போதே எழுதிக் கேட்டு வாங்குங்கள். கூடவே தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் உங்கள் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டியூட்டர் வேலை பற்றி ஒரு உண்மை. போஸ்ட் பேசிக் பட்டமும் ஒரு வருட அனுபவமும் இருந்தால் கவுன்சில் விதிப்படி டியூட்டர் ஆகலாம். இக்னோ பட்டம் என்றால் முகம் சுளிக்கும் கல்லூரிகள் சில இருக்கின்றன, உங்கள் ஐ.சி.யூ. அனுபவம் அதை ஈடுகட்டும். நைட் டியூட்டி போகும். சம்பளம் ஏறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், சின்னக் கல்லூரிகளில் வார்டு சம்பளத்தைவிடக் குறைவாகக்கூடக் கொடுக்கிறார்கள். கற்பிக்கும் பக்கத்தில் மேலே ஏற எம்.எஸ்சி. வேண்டும். அதைத் தொலைநிலையில் படிக்க முடியாது, முழுநேரமாக இரண்டு வருடம். அதற்கு போஸ்ட் பேசிக்கில் மொத்தம் 55 சதவீதம் கேட்பார்கள். பாஸ் மார்க் 50 என்பதால் “எப்படியோ தேறினால் போதும்” என்று முதல் வருடத்தை ஓட்டுபவர்கள் பின்னால் இந்த ஐந்து சதவீதத்துக்காக வருந்துகிறார்கள். எம்.எஸ்சி. கேட்கும் ஒரு வருட அனுபவம் போஸ்ட் பேசிக்குக்கு முன்னால் இருந்தாலும் செல்லும். அந்த விஷயத்தில் உங்கள் ஏழு வருடம் வீண் போகாது.

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் யாராவது குழப்பலாம்: போஸ்ட் பேசிக் டிப்ளமோ என்று கிரிட்டிகல் கேர், ஆன்காலஜி, நியோநேட்டல் போன்ற பிரிவுகளில் ஒரு வருடப் படிப்பு உண்டு. நல்ல படிப்பு, படுக்கையருகே திறமையை வளர்க்கும். ஆனால் அது பட்டம் கிடையாது. டியூட்டர் வேலைக்கோ எம்.எஸ்சி.க்கோ அதைக் காட்ட முடியாது.

பட்டம் கைக்கு வந்ததும் அதைக் கூடுதல் தகுதியாகக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நான்கு வருடம் கழித்து வேலை வந்த பிறகு அலைபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜி.என்.எம். செல்லாது என்பது வதந்தி. 1947-ஆம் வருட நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அதைத்தான் ஆளுக்கொரு விதமாகத் திரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஏற்கனவே பதிவு பெற்றவர்களின் பதிவு போகாது. இந்தப் பயத்தைக் காட்டித்தான் ஏஜென்டுகள் ஆள் பிடிக்கிறார்கள்.

கடைசியாக ஆங்கிலம். பரீட்சை ஆங்கிலத்தில்தான். ஆனால் நீங்கள் ஏழு வருடமாக நர்ஸஸ் நோட்ஸ் எந்த மொழியில் எழுதுகிறீர்கள்? வெண்டிலேட்டர் செட்டிங், இன்டேக் அவுட்புட், ஹேண்டோவர் எல்லாம்? பரீட்சைத் தாளில் கேட்பது அந்த ஆங்கிலத்தின் கொஞ்சம் நீண்ட வடிவம். தினமும் டியூட்டி முடிந்ததும் அன்றைக்குப் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிப் பத்து வரி, முழு வாக்கியங்களாக எழுதிப் பழகுங்கள். பெயர், படுக்கை எண் வேண்டாம். பிரச்சினை, நீங்கள் செய்தது, ஏன் செய்தீர்கள், என்ன ஆனது. இதுதான் கேர் பிளான், கேஸ் ஸ்டடி இரண்டுக்கும் அடிப்படை. உங்களுக்கு உண்மையிலேயே கஷ்டம் கொடுக்கப்போவது பயோகெமிஸ்ட்ரியும், ஆராய்ச்சி பாடத்தோடு சேர்ந்து வரும் ஸ்டாடிஸ்டிக்ஸும்தான். தமிழ் வழியில் கணக்குச் சொல்லித்தரும் பிளஸ் டூ ஆசிரியர் யாராவது தெருவில் இருந்தால், சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் மூன்றையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மீதியை பாட நூலே பார்த்துக்கொள்ளும்.